மயில்கழுத்துச் சாரியின் நிறம் எந்த வழியால் போனால் மாறாமல் போய்ச் சேரும்?

போன மாதம் மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்காக இருபத்திரண்டு சாரிகளைப் படம் பிடித்தேன். இருபத்தொன்றில் ஒரு கரைச்சலும் இல்லை. மிச்சம் ஒன்று மயில்கழுத்து. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் பச்சை. ஒரு பக்கம் சரித்தால் நீலமாகத் தெரியும், மறுபக்கம் சரித்தால் பச்சையாகத் தெரியும். கல்லடிக்கு வந்து, படம் திருத்துகிற மென்பொருளான லைட்ரூமில் அதை மூன்று விதமாகத் திருத்தினேன்: நீலம் தூக்கலாக ஒன்று, பச்சை தூக்கலாக ஒன்று, நடுவில் நிற்கிற மாதிரி ஒன்று. எது சரி என்று, காக்கா என்று நான் கூப்பிடுகிற கடைக்கார அண்ணனிடமும் படம் பிடிக்கிற நாலைந்து கூட்டாளிமாரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. எந்த வழியால் அனுப்பிக் கேட்பது என்று பார்த்ததிலேயே மூன்று நாள் போய்விட்டது.

முதலில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம். இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடலாம். ஆட்கள் நிறையப் பார்ப்பார்கள், பதில் உடனே வரும், ஆனால் கேட்டதற்குப் பதில் வராது. மூன்று படத்தையும் வரிசையாகப் போட்டு "எந்தக் கலர் சரி?" என்று கேட்டேன். "சூப்பர் ப்ரோ" என்று நாலு பேர், இதயம் போட்டவர்கள் பதினைந்து பேர், "சாரி என்ன விலை?" என்று இரண்டு பேர். விலை கேட்டதில் காக்காவுக்குச் சந்தோசம், எனக்கு உதவவில்லை. இரண்டு தளமும் படத்தைத் தங்கள் அளவுக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்கின்றன என்பது தெரிந்த விசயம்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கல்லடிப் பாலத்து விடியல் படம் என்றால் நான் இன்றைக்கும் பேஸ்புக்கில்தான் போடுவேன். 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்குப் பின்னால் வானம் செம்மஞ்சளா, ஊதாவா என்பதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. பத்துப் பேருக்கு எது பிடிக்கிறதோ அதுதான் விடை. சாரிக்கு அப்படியில்லை. சாரி கடையில் இறாக்கையில் இருக்கிறது. வாங்குகிற ஆள் பொதியைப் பிரித்ததும் "படத்தில் பார்த்தது இது இல்லையே" என்பார்.

ஃபிளிக்கர் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. 2004 இல் தொடங்கியது, படம் பிடிக்கிறவர்களுக்கென்றே இருக்கிற இடம், இலவசக் கணக்கில் ஆயிரம் படம் வரை வைக்கலாம். ஒரு காலத்தில் நாற்பது படம் போட்டிருந்தேன். நிறத்தைப் பற்றி உருப்படியாகப் பேசுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் காக்காவை ஃபிளிக்கரில் கணக்குத் திறக்கச் சொல்ல முடியுமா?

உண்மையான போட்டி கூகுள் ட்ரைவுக்கும் வட்ஸ்அப்புக்கும் இடையில்தான். ட்ரைவில் போட்ட கோப்பு போட்டபடியே இருக்கும், இறக்கினால் அதே கோப்பு கையில் வரும். கூகுள் ஃபோட்டோஸ் அப்படி இல்லை. அங்கே இடத்தை மிச்சம் பிடிக்கிற அமைப்பு போட்டிருந்தால் படத்தைத் திரும்பவும் அமுக்கும். இரண்டும் கூகுள்தானே என்று ஏமாறக்கூடாது. கணினியில் பார்க்கிறவர் ட்ரைவில் படத்தின் ஒரு மூலையைத் தெரிவுசெய்து அதற்கு மட்டும் குறிப்பு எழுதலாம். "இந்தக் கரையில் பச்சை கூடிவிட்டது" என்று ஒரு கூட்டாளி அப்படித்தான் எழுதினான். இது வேறு எங்கும் இவ்வளவு வசதியாக இல்லை.

ஆனால் காக்காவிடமிருந்து வந்த முதல் செய்தி, "தம்பி, அனுமதி கேக்குது". இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்ற நான் மறந்திருந்தேன். மாற்றியபின் வந்த இரண்டாவது செய்தி, "சுத்திக்கிட்டே நிக்குது". அதற்குமேல் அவர் திறக்கவே இல்லை.

சரி, வட்ஸ்அப். வட்ஸ்அப்பில் படம் அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. எங்கட ஆட்களில் பாதிப் பேருக்கு ஒன்றுதான் தெரியும். கலரியிலிருந்து படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். 2023 இல் வந்த எச்டி தெரிவு கொஞ்சம் மேல், ஆனாலும் அதுவும் அமுக்கத்தான் செய்கிறது. அமுக்குவதில் கெட்டுப்போவது முதலில் நிறம்தான். ஜேபெக் படத்தில் வெளிச்சம் ஒரு கணக்கு, நிறம் இன்னொரு கணக்கு. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு பிடிக்காது. அதனால் அமுக்கும்போது பெரும்பாலும் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகச் சராசரி பார்த்துவிடுவார்கள். முகப் படத்தில் இது தெரியாது. நீலமும் பச்சையும் நூலுக்கு நூல் மாறி மாறி ஓடுகிற துணியில் நாலு புள்ளியைச் சராசரி பார்த்தால் என்ன மிஞ்சும்? கரையை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். கோடுகள் இருந்தன, கோடுகளுக்கு இடையில் இருந்த நிறம் கரைந்து சேறு மாதிரிக் கிடந்தது.

இரண்டாவது வழி, அதே படத்தை ஆவணமாக அனுப்புவது. கடதாசிக் கிளிப் படத்தை அழுத்தி, டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவுசெய்து, படக் கோப்பை எடுத்து அனுப்பினால் அது ஒரு புள்ளியும் மாறாமல் போகும். அரட்டைத் திரையில் அழகாகப் பெரிதாகத் தெரியாது, தொட்டுத் திறக்கவேண்டும். அவ்வளவுதான் குறை. இப்போது நான் இந்த வழியில்தான் நிற்கிறேன்.

ஆனால் முதல் தடவை ஆவணமாக அனுப்பியும் பிழைத்தது. காக்காவின் குரல் பதிவு வந்தது: "தம்பி, இது எங்கட சாரி இல்லயே. எங்கட சாரி இவ்வளவு செத்த நிறமா?" இரண்டு கூட்டாளிமாரும் அதையே சொன்னார்கள். என் திரையில் பார்த்தால் மயில் ஆடுகிறது. அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்தபின்தான் பிடிபட்டது, பிழை என்னுடையது. லைட்ரூமிலிருந்து கோப்பை எடுக்கும்போது நிறவெளி, அதாவது நிறத்தை அளக்கிற அளவுகோல், அடோபி ஆர்ஜிபியில் இருந்திருக்கிறது. ஒரு கல்யாண அல்பம் அச்சுக்குக் கொடுக்க மாற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

படக் கோப்பில் இருப்பது எண்கள்தான். அந்த எண் எந்த நிறம் என்று சொல்வது கூடவே போகிற ஒரு குறிப்பு. 1996 இல் எச்பியும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி ஒரு அளவுகோல். 1998 இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலமான அளவுகோல். இரண்டிலும் சிவப்பு மூலையும் நீல மூலையும் ஒன்றேதான். பச்சை மூலை மட்டும்தான் வேறு. குறிப்பைப் பார்க்காமல் படத்தைத் திறக்கிற செயலி எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் வெளிறிவிடும். அதிகம் வெளிறுவது பச்சையும் பச்சை கலந்த நீலமும். இருபத்திரண்டு சாரியில் மயில்கழுத்து மட்டும் செத்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

எஸ்ஆர்ஜிபியில் எடுத்துத் திரும்ப அனுப்பினேன். அந்த அளவுகோலுக்குள் அடங்காத பச்சை கொஞ்சம் இருந்தது. லைட்ரூமின் சொஃப்ட் ப்ரூஃபிங் எந்த இடம் அடங்கவில்லை என்று காட்டும், அதைப் பார்த்து நானே தணித்தேன். மென்பொருள் கண்டபடி வெட்டுவதைவிட அது மேல்.

மறுகா போன்களின் பிரச்சினை. கோப்பு ஒன்றாக இருந்தாலும் திரைகள் ஒன்றில்லை. ஒருவர் நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற விவிட் மோடில் வைத்திருப்பார், இன்னொருவர் இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கி வைத்திருப்பார். மூன்று படத்தையும் தனித்தனியாக அனுப்பினால் ஒன்றைப் பார்த்து, அடுத்ததைத் திறப்பதற்குள் முதலாவது மனதில் நிற்காது. அதனால் மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கோப்பாக்கினேன். திரை மஞ்சளானாலும் மூன்றும் சேர்ந்து மஞ்சளாகும், வித்தியாசம் வித்தியாசமாகவே நிற்கும். ஒட்டி வைத்தால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும், அதனால் இடையில் சாம்பல் நிற இடைவெளி விட்டேன். முதலில் அ, ஆ, இ என்று பெயர் வைத்தேன். குரல் பதிவில் காக்கா சொன்னது 'அ'வா 'ஆ'வா என்று விளங்காமல் 1, 2, 3 என்று மாற்றினேன்.

வட்ஸ்அப்பை நான் தூக்கிப் பிடிப்பதற்கு அந்தக் குரல் பதிவும் ஒரு காரணம். தட்டச்சு செய்யச் சொன்னால் காக்கா "நல்லம்" என்று எழுதுவார். பேசச் சொன்னால் ஒன்றரை நிமிடம் பேசுவார். இந்தத் தடவை சாரியை விறாந்தைக்குக் கொண்டுவந்து வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "மூணாவதுதான் தம்பி. ஆனா முந்தானையில இன்னும் ஒரு சொட்டுப் பச்சை வேணும். மடிப்புல நீலம் சரி, அதத் தொடாத." கூட்டாளிமாரில் மூன்று பேர் கேட்டது நீலம் தூக்கலான முதலாவதை. கேட்டால், "அது பளிச்சென்று இருக்கு மச்சான்." சாரியைக் கையில் வைத்திருக்கிற ஆள் ஒருவர்தான். நான் அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

ஐபோனில் ஆவணமாக அனுப்பிய படம் எப்படித் தெரிகிறது என்பதை ஒரே ஒரு கூட்டாளியின் போனில்தான் பார்த்திருக்கிறேன், அதில் நன்றாக இருந்தது. கல்யாண வீட்டு அறுநூறு படத்துக்கு இந்த முறை சரிவராது. அதற்கு இன்றைக்கும் ட்ரைவ்தான், அனுமதியை மாற்ற மறக்காமல் இருந்தால். மருதமுனைக்கு அடுத்த மாதம் இன்னும் பதினெட்டு சாரிக்குப் போகிறேன். அதில் மயில்கழுத்து மூன்று இருக்கிறதாம்.