பழப்பெயர்களுக்கு மொழிபெயர்ப்புச் செயலி: மூன்று வருஷ அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் நேந்திரன் சிப்ஸும் உலர்பழமும் ஏற்றுமதி செய்கிற சின்ன கம்பெனியில் லேபிள் வேலை என்னுடையது. இங்கிலீஷில் இருப்பதை ஸ்பானிஷுக்கு மாற்ற மூன்று வருஷமாக போனில் இருக்கும் ஒரு செயலிதான் துணை. முழு வாக்கியம் கொடுத்தால் நன்றாகவே செய்கிறது, பழப்பெயரை ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முதல் மாசமே பேரீச்சைக்கு 'ஃபெச்சா' என்று கொடுத்தது. அது காலண்டர் தேதி! 'டேட்' என்ற இங்கிலீஷ் சொல் இரண்டுக்கும் பொது என்பதால் வந்த வினை. பழத்துக்கு 'தாத்தில்' என்றுதான் வர வேண்டும். 'கொட்டை நீக்கிய உலர்ந்த' என்பதையும் சேர்த்து அடித்ததும் சரியாக வந்தது, ஆனால் அதைத் திரும்பத் தமிழில் போட்டுப் பார்த்தால் 'எலும்பு இல்லாத பேரீச்சை' என்கிறது. பேக்கிங் பார்க்கிற அண்ணன், "ஏனுங்க, பழத்துல ஏதுங்க எலும்பு, அதை எடுத்துருங்க" என்றார், நானும் எடுக்கத்தான் போனேன். நல்லவேளை, தேடிப் பார்த்தேன். ஸ்பெயினில் எலும்புக்கும் பழக்கொட்டைக்கும் 'உவேசோ' என்ற ஒரே சொல்தான். அர்ஜென்டினா, சிலிப் பக்கம் கொட்டைக்கு 'கரோசோ' என்பார்கள்.

எந்த நாட்டுக்குப் போகிற சரக்கு என்று செயலி கேட்பதே இல்லை, எனக்குப் பெரிய குறை அதுதான். 'பிளாத்தனோ' ஸ்பெயினில் உரித்துத் தின்னும் வாழைப்பழம், அதிலும் கேனரி தீவுகளில் விளைந்ததற்கே கடைகளில் அந்தப் பெயர், வெளிநாட்டிலிருந்து வருவது 'பனானா'. கொலம்பியாவில் பிளாத்தனோ என்றால் சமைக்கிற வாழை, தின்னும் பழத்துக்கு 'பனானோ'. நம்மூரில் மொந்தனைக் கேட்டவருக்குக் கதலியைக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. மெக்சிகோ லேபிளில் நேந்திரன் சிப்ஸுக்கு 'பிளாத்தனோ மாச்சோ' என்று போடுகிறேன்.

சப்போட்டா இன்னும் சிக்கல். கொலம்பியாவில் 'நிஸ்பெரோ', அதே சொல் ஸ்பெயினில் லோகாட் என்கிற வேறு பழம், மெக்சிகோவில் 'சிக்கோசபோட்டே'. இதுக்கெல்லாம் 'மணில்காரா சபோட்டா' என்ற தாவரவியல் பெயரை வைத்துத் தேடி, அந்தந்த நாட்டுப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் வாங்குகிறவருக்குப் பழத்தின் போட்டோவும் அனுப்பி, உங்கள் ஊரில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டுவிடுவேன்.

காசு கட்டும் திட்டத்தையும் எட்டு மாசம் வைத்திருந்தேன். பழப்பெயர்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். இலவசமே போதும், கூட அந்த நோட்டு இருந்தால்.