ஃபோல்ட்ஸ்கோப்: காகித நுண்ணோக்கி சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

ஐந்து வயதுக் குழந்தையின் கையில் ஃபோல்ட்ஸ்கோப்பைக் கொடுத்து "உள்ளே பார்" என்று சொன்னால், பெரும்பாலும் அது பார்ப்பது தன் இமை மயிரைத்தான். அந்த வயதில் ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. மூடினாலும் கை ஆடும். பார்க்க வேண்டிய துளையோ மிளகைவிடச் சிறியது. "தெரியுதா?" என்று கேட்டால் நம் முகம் வாடக்கூடாதே என்று "தெரியுது" என்று சொல்லிவிடும். இரண்டாம் நாளே கருவி அலமாரிக்குள் போவது இப்படித்தான். கருவியில் குற்றமில்லை. பிள்ளைகளோடு வீட்டில் அறிவியல் செய்ய இதைப் போல ஒரு சாமான் கிடைப்பது அரிது. எந்த வயதில், எதற்குப் பிறகு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பயன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் சேர்ந்து வடிவமைத்தது இது. தட்டையான தாளிலிருந்து பாகங்களைப் பிரித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் நுண்ணோக்கி ஆகிவிடும். 2014இல் வந்த அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையில் எடை 8.8 கிராம் என்றிருக்கிறது. பரவலாகக் கிடைப்பது 140 மடங்கு பெருக்கும் வகை. ஏறத்தாழ 2 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தை, அதாவது மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கை, அது பிரித்துக் காட்டும். அத்தனை வேலையையும் செய்வது இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு கண்ணாடிக் குண்டு. 1670களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக் ஏரி நீரில் நுண்ணுயிர்களைக் கண்டதும் இதே முறையில்தான்: உலோகத் தகட்டுக்குள் பொதிந்த ஒற்றைச் சிறு லென்ஸ், அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது.

இந்தக் குண்டைப் புரிந்துகொண்டால் கருவியின் நிறைகுறைகள் எல்லாம் பிடிபட்டுவிடும். குண்டு சிறுக்கச் சிறுக்கப் பெருக்கம் கூடும். கூடவே பொருள் அதற்கு நெருங்கி வரவும் வேண்டும். 140 மடங்கில் குண்டின் பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. எறும்பை முழுசாக வைத்தால் தெரியாது. உப்புக் கல்லை வைத்தால் ஒரு கறுப்புத் திட்டு. பொருள் மெல்லியதாக இருக்க வேண்டும், ஒளி அதை ஊடுருவி வர வேண்டும். இன்னொன்று: குண்டு லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே துல்லியமாக இருக்கும், ஓரம் கலங்கும். "உடைஞ்சிருக்கு" என்று பிள்ளை சொல்லும். உடையவில்லை. கண்ணாடிக் கோலி ஒன்றின் வழியாகச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் நடு தெளிவாகவும் ஓரம் வளைந்தும் இருக்கும், உலகமே தலைகீழாகவும் தெரியும். அதன் பிறகு அந்தப் புகார் வராது.

முதல் நாளே 140 மடங்குக்குத் தாவுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. வெறும் கண்ணில் பார்த்த பொருளுக்கும் 140 மடங்கில் தெரியும் படத்துக்கும் நடுவே படிகள் இல்லாவிட்டால், குழந்தைக்கு அது ஏதோ ஒரு கோலம், அவ்வளவுதான். தான் பறித்த பூவின் தூள்தான் அது என்ற ஒட்டுதல் வராது. ஆகவே முதலில் 3 மடங்கு பூதக்கண்ணாடி, பிறகு 10 மடங்கு கைலென்ஸ். பத்து மடங்கு லென்ஸைப் பூதக்கண்ணாடி போலத் தள்ளிப் பிடிக்கக் கூடாது. கன்னத்தில் கையை ஊன்றி, லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வைத்து, பொருளை இரண்டரை சென்டிமீட்டர் வரை கொண்டுவர வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளைக்கு ஃபோல்ட்ஸ்கோப் எளிது. இடையில் ஒரு நாள், எரிகிற கைபேசித் திரையில் குண்டூசித் தலை அளவு ஒரு துளி தண்ணீரை வைத்துக் காட்டுங்கள். வெள்ளைத் திரை என்று நினைத்தது சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். துளியே லென்ஸாகிறது என்பதைப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும்.

படிகளில் ஏற்றுவதற்குத் தோதான பொருள் தலைமயிர். வெறும் கண்ணில் கோடு, 10 மடங்கில் நூல், 140 மடங்கில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத் தூண். மயிரின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருப்பதால் (ஆளுக்கு ஆள் மாறும்) அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். எந்த ஸ்லைடிலும் (பார்க்கும் பொருளை வைக்கும் மெல்லிய தகடு) ஓரமாக ஒரு மயிரை ஒட்டி வையுங்கள். "இந்தத் தூள் மயிரைவிடப் பெருசா, சிறுசா?" என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் பதில் சொல்லும். மைக்ரான் என்ற சொல்லே அப்போது தேவையில்லை.

இனி, மடிப்பது. பத்து நிமிடத்துக்குள் முடியும் என்கிறது ஆய்வுக்கட்டுரை. பிள்ளையோடு உட்கார்ந்தால் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். பாகங்களை எல்லாம் ஒரேயடியாகப் பிய்த்துப் போட வேண்டாம்; எது எதோடு சேரும் என்பது தெரியாமல் போய்விடும். அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். மடிப்பு தளர்வாக இருந்தால் அடுக்குகள் விரிந்து நிற்கும், லென்ஸ் பொருளை விட்டு விலகும். அப்புறம் எத்தனை திருகினாலும் ஃபோகஸ் வராது. "சரியாகத்தான் மடித்தோம், ஒன்றும் தெரியவில்லை" என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, லென்ஸில் படிந்த விரல் ரேகை. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்தால் போதும். ஏழெட்டு வயதுப் பிள்ளை பாதி மடிப்புகளைத் தானே செய்யும், செய்யவும் விடுங்கள். எந்தத் தாளை இழுத்தால் ஸ்லைடு நகர்கிறது, எதைத் தள்ளினால் லென்ஸ் முன்பின் போகிறது என்பதைத் தன் கையால் கண்டவர்களுக்கு இது மாயப்பெட்டி இல்லை. விலை கூடிய நுண்ணோக்கிகள் பலவற்றில் இந்த வாய்ப்பு கிடையாது.

எட்டு வயதுக்குக் கீழ் என்றால் கண்ணில் வைப்பதை மறந்துவிட்டுக் கைபேசியில் பொருத்துங்கள். காந்த இணைப்பான் அதற்குத்தான். அதைக் கைபேசிக் கேமராவின் மேல் ஒட்டும்போது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் திரையின் ஒரு பக்கம் கறுப்புப் பிறை விழும். அதனால் உடனே அழுத்தி ஒட்டாமல், ஸ்லைடு இல்லாத ஃபோல்ட்ஸ்கோப்பை வைத்து, வெளிச்ச வட்டம் திரையின் நடுவில் வரும்வரை நகர்த்திப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு மூன்று கேமரா உள்ள கைபேசிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பொருள் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டதும் கைபேசி தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும், படம் சட்டென்று காணாமல் போகும். தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு முதன்மைக் கேமராவிலேயே நிறுத்துங்கள். இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் வட்டம் திரையை நிறைக்கும். குழந்தையும் நீங்களும் ஒரே படத்தைப் பார்ப்பதால், "அந்த நீளமானது என்ன?" என்று விரல் வைத்துப் பேச முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சுதான் பாடம்.

ஒளிக்கு, வெளிச்சமான ஜன்னலையோ விளக்கொளி விழும் வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடித்தால் போதும். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண்ணுக்கு நிலையான கேடு வரும். இதை விதியாகச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துங்கள். எல்இடி விளக்கு என்றால் நடுவே ஒரு டிஷ்யூ காகிதம் வையுங்கள். வெளிச்சம் பரவி, பொருளின் விளிம்பு தெளியும். இணைப்பானில் உள்ள சிறு காந்தங்கள் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

முதல் ஸ்லைடுக்கு வெங்காயம்தான். வெங்காயத் துண்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வை இடுக்கியால் உரியுங்கள். அரை சென்டிமீட்டர் சதுரம் போதும். ஸ்லைடில் முதலில் ஒரு துளி தண்ணீர், அதன் மேல் சவ்வு. ஊசியால் சுருக்கத்தை நீவிவிட்டு, மூடும் தகட்டை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். குமிழி என்றால் அடர்ந்த கறுப்பு விளிம்புள்ள கச்சிதமான வட்டம். பிள்ளைகள் முதலில் "செல்!" என்று கத்துவது இதைப் பார்த்துத்தான். செல் செங்கல் வரிசை போல நீண்டிருக்கும், வட்டமாக இருக்காது. சாயம் ஏற்றாவிட்டால் சுவர்கள் மங்கலாகவே தெரியும். காயத்துக்குப் போடும் அயோடின் கரைசல் ஒரு துளியில் நாலு துளி தண்ணீர் கலந்து தகட்டின் ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூவை வைத்து உறிஞ்சினால் சாயம் உள்ளே ஓடும். சில நிமிடத்தில் செல்லுக்கு ஒன்றாக மஞ்சள்பழுப்புப் புள்ளி தெரியும், அதுதான் உட்கரு. அயோடினைப் பெரியவர்கள் மட்டும் கையாள வேண்டும். துணியில் பட்டால் கறை.

செம்பருத்தி மகரந்தம் பிள்ளைகளை உடனே பிடித்துவிடும். மயிரின் பருமனைவிடப் பெரிய உருண்டை, சுற்றிலும் முள். ஒளிபுகும் ஒட்டுத்தாளைப் பூவில் லேசாகத் தொட்டு எடுத்து ஸ்லைடில் ஒட்டினால் வேலை முடிந்தது. அழுத்தித் தேய்த்தால் மகரந்தம் குவிந்து கறுத்துவிடும். பத்துப் பதினைந்து துகள் இருந்தால் போதும். இறந்து கிடக்கும் பட்டாம்பூச்சியின் சிறகையும் இப்படியே தொடலாம். தூள் என்று நினைத்தது ஓடு வேய்ந்தது போன்ற செதில்களாகத் தெரியும். குளத்து நீரை அடியிலிருந்து, பாசி ஒட்டிய இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலாக மொண்ட தெளிந்த நீரில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓடும் உயிர்களைத் துரத்த முடியாமல் பிள்ளை அலுத்துப்போனால், பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளைத் துளிக்குள் போடுங்கள். இழைகளுக்கு நடுவே அவை சிக்கி நிதானிக்கும். சீக்கிரமே நீர் காயத் தொடங்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

"கிருமி தெரியுமா?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். பெரும்பாலான பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான்தான். இந்தக் கருவியின் எல்லையும் அதுதான். புள்ளி போல ஏதாவது அசைந்தாலும் அது தூசியா உயிரா என்று சொல்ல முடியாது. தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். "கிருமியைக் காட்டுகிறேன்" என்று ஆசை காட்டி வாங்கிக் கொடுத்தால் கருவி மேல் வரும் வெறுப்பு போகாது.

1200 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்த பிளாஸ்டிக் பொம்மை நுண்ணோக்கிகளோடு ஒப்பிட்டால், நான் 140ஐத்தான் எடுப்பேன். அவற்றில் படம் பெரிதாகிறதே தவிர நுணுக்கம் கூடுவதில்லை, கலங்கலும் சேர்ந்து பெரிதாகிறது. தொட்டால் ஆடும் மேடையில் ஃபோகஸும் நிற்பதில்லை. கணினியில் செருகும் யுஎஸ்பி நுண்ணோக்கியின் கதை வேறு. 20 முதல் 50 மடங்கு வரை வைத்துக்கொண்டால் எறும்பு, உப்புக் கல், துணி நெசவு, விரல் ரேகை எல்லாவற்றையும் அப்படியே முழுசாகக் காட்டும். மூன்று முதல் ஆறு வயதுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையோ நல்ல 10 மடங்கு கைலென்ஸையோ வாங்குங்கள். செல்லையும் குளத்து உயிர்களையும் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப்புக்கு வர வேண்டும். கைபேசியோடு ஐந்து வயதிலிருந்து, கண்ணில் வைத்துப் பார்க்க எட்டு வயதிலிருந்து.

ஒரு உட்காரலுக்கு இரண்டு ஸ்லைடு போதும். டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அதற்குள் தெரிந்ததை வரையச் சொல்லி, பக்கத்தில் அந்த மயிரையும் வரைய வையுங்கள். தாள் தண்ணீரைத் தாங்கும், ஆனாலும் ஈரத்தோடு மடித்து வைத்தால் ஸ்லைடு நகரும் பாதை இறுகிவிடும். பிரித்து, துடைத்து, ஒரு புத்தகத்துக்குள் தட்டையாக வைத்து எடுங்கள்.