குவெஸ்ட் 3எஸ்: காரைக்குடியில் விஆர் கேம் செய்கிறவனுக்கு இது போதுமா?

விஆர் கேம், அதாவது தலையில் மாட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதுபோல் ஆடும் கேம், செய்து பார்க்க ஆசைப்படும் ஆளுக்கு மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் தாராளமாகப் போதும். ஆனால் அந்த கேமை விற்றுப் பிழைக்க நினைத்தால், ஆகப்போகும் செலவில் இந்தக் கருவியின் விலைதான் சின்னது.

2024 அக்டோபரில் வந்தது, அப்போது அமெரிக்காவில் 128 ஜிபி விலை 299.99 டாலராக இருந்தது. எனக்கு அங்கிருந்து வந்த மச்சான் பெட்டியில் வந்து சேர்ந்தது. இதைவிட விலை கூடிய குவெஸ்ட் 3-இல் உள்ள அதே ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2 சிப், அதே 8 ஜிபி ராம், அதனால் இதில் ஓடினால் அதிலும் ஓடும் என்று நம்பி வேலை பார்க்கலாம். காசைக் குறைத்த இடம் லென்ஸ். ஓரத்தில் மங்கலாகத் தெரியும் பழைய ஃப்ரெஸ்னல் வகை, கண்களுக்கு இடையிலான தூரத்தையும் மூன்று நிலைகளில்தான் மாற்ற முடியும். கேமில் எழுத்து வந்தால் பெரிதாக, நடுவில் வையுங்கள்.

நான் செய்வது செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கும் புதிர் கேம். மொபைல் சிப்பை இந்த வீடுகள் மாதிரி பாடாய்ப் படுத்தும் இடம் வேறு கிடைக்காது. ஆத்தங்குடி டைல்ஸ் பளபளக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம், போதாததற்கு பெல்ஜியம் கண்ணாடி, வளவில் (நடு முற்றத்தில்) மேலிருந்து இறங்கும் வெயில். நொடிக்கு 72 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 14 மில்லி விநாடிகூட இல்லை, அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்தாக வேண்டும், தவறினால் மாட்டியிருப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே வெயில், நிழல் எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு டெக்ஸ்சரில் (சுவர், தரை மேல் ஒட்டும் படத்தில்) பதித்தாயிற்று, தரையில் தெரியும் பிம்பமும் முன்பே எடுத்து வைத்ததுதான். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் மாட்டிப் பார்த்த உடனே, "தம்பி, அறை வாசல் இம்புட்டு ஒசரமா இருக்காதே, குனிஞ்சுல்ல போகணும்" என்றார். மானிட்டரில் தெரியாத அளவுப் பிசகு தலையில் மாட்டினால் தெரிந்துவிடும், கருவியை வாங்க அதுவே போதுமான காரணம்.

இனி காசு. 10 டாலருக்கு விற்றால் 30 சதவீதம் கடைக்கு, மிச்சம் 7, அதிலும் வரி போகும். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு மெட்டா கடை, கணினி கேம் விற்கும் ஸ்டீம் இரண்டிலும் இதே கணக்கு. ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் முதலில் கட்ட வேண்டும், வருமானம் 1000 டாலரைத் தொட்டால் திரும்பக் கிடைக்கும். 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் விதி, சின்ன கேமை முழுசாக முடித்துவிட்டே கேட்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். 2024 ஆகஸ்டில் எளிதில் அனுமதி கிடைக்கும் ஆப் லேப் என்று தனியாக இருந்த பகுதியை மெட்டா பிரதானக் கடையோடு சேர்த்துவிட்டது, இப்போது உள்ளே நுழைவது சுலபம், கண்ணில் படுவதுதான் கஷ்டம். கொரில்லா டேக் என்ற விஆர் கேம் மாதிரி இலவசமாகக் கொடுத்து, உள்ளே ஆடுபவரின் உருவத்துக்குத் தொப்பி, சட்டை விற்கலாமே என்பார்கள். பலர் சேர்ந்து ஆடும் கேமுக்கு சர்வர் செலவை யார் கட்டுவது? கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி மட்டும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இலவசம், அந்தக் கவலை நமக்கு இப்போதைக்கு வராது.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவரிடம் விருந்தினர்களுக்கு இந்த கேமை வைக்கலாமா என்று கேட்டேன். "நெசத்தையே பாக்க வந்தவுகளுக்கு இது எதுக்குப்பா?" என்றார். நியாயம்தான். வாங்கக்கூடியவர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். அவர்களை மனதில் வைத்து ஸ்டோர் பக்கத்தை முதலிலேயே போட்டு விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று குறித்து வைப்பவர்கள்) சேர்க்க ஆரம்பியுங்கள், கேமை முடித்துவிட்டு விளம்பரம் பார்க்கலாம் என்று இருந்தால் ஆள் வராது.

வாங்குவதென்றால் 128 ஜிபியே எடுங்கள், மிச்சக் காசில் நல்ல ஸ்டிராப் வாங்கலாம், கூட வரும் துணிப் பட்டை மணிக்கணக்கான வேலைக்கு ஆகாது. நாம் செய்த கேமை ஹெட்செட்டில் ஏற்றி ஓட்ட வேண்டிய டெவலப்பர் மோடுக்கு மெட்டா தளத்தில் டெவலப்பர் கணக்கு வேண்டும், அதன் பிறகு போன் ஆப்பில் ஆன் செய்யலாம். கழற்றி வைத்தால் ஹெட்செட் தூங்கிவிடும், மாட்டியிருக்கிறோமா என்று பார்க்கும் உள்பக்க சென்சார் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், அப்புறம் தொல்லை இல்லை.