கீழக்கரை பழைய புத்தகக் கடை: நாவலுக்குத் தாராளமாகப் போகலாம், காமிக்ஸை மட்டும் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

படித்து முடித்த பாக்கெட் நாவலைக் கொடுத்தால் பாதி விலை கழித்து வேறொன்று தரும் கடைகள் நம் ராமநாதபுரம் கரையோரத்தில் அருகிவிட்டன. கீழக்கரையில் இந்தக் கடை மட்டும் அதை விடாமல் நடத்துகிறது. மலிவுக் கதைப் புத்தகத்துக்கு ஆயுள் கொடுப்பதே இந்தக் கைமாற்றுதான்.

ஸ்பெயினிலும் இதே கதைதான். பார்சிலோனாவின் புருகெரா பதிப்பகம் 1910-இல் 'எல் காத்தோ நெக்ரோ' என்ற பெயரில் தொடங்கியது. 1921-இல் 'புல்கர்சீத்தோ' சிறுவர் இதழ். உள்நாட்டுப் போருக்குப் பிறகு குடும்பப் பெயரே நிறுவனத்தின் பெயரானது. சட்டைப்பையில் அடங்கும் அதன் நாவல்களைப் பெட்டிக்கடையில் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் சில்லறை சேர்த்து அடுத்ததை எடுத்துப் போவார்கள். காதல் கதைக்கு கொரீன் தெல்யாதோ, கௌபாய் கதைக்கு எஸ்தெஃபானியா. கொன்சாலெஸ் லெதெஸ்மா 'சில்வர் கேன்' என்ற ஆங்கிலப் பெயரில் எழுதிக் குவித்தார். ஆனால் அதன் காமிக்ஸ் ஓவியர்கள் உருவாக்கிய பாத்திரங்களுக்கு உரிமை பதிப்பகத்திடமே இருந்தது. நம்மைப் பொறுத்தவரை அது பெரிய அநியாயம். 1957-இல் முன்னணி ஓவியர்கள் ஐந்து பேர் வெளியேறி 'தீயோ விவோ' என்று சொந்த இதழ் தொடங்கினார்கள். பிறகு அதையும் புருகெராவே வாங்கிக்கொண்டது. 1986-இல் பதிப்பகம் மூடப்பட்டது.

இனி, கடையின் காமிக்ஸ் அடுக்கு. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் தொடர்தான், ஆனால் வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹேசூஸ் பிளாஸ்கோ. அவருடைய பலமே கருமைக்குள் தெரியும் மெல்லிய கோடுகள். மை அப்பிய பிரதியில் அவை மறைந்துவிடும், அதை வாங்காதீர்கள்.

கடையின் குறை, காமிக்ஸைக் கீழ்த்தட்டில் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்குவது. ரப்பர் ஓரத்தை அறுக்கிறது, சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறுகிறது. போதாததற்கு உப்புக்காற்று வேறு. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும். பக்கம் குறைந்தாலும் விலையைக் குறைப்பதில்லை. ஆகவே பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். காமிக்ஸுக்குக் கைமாற்றும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் துருப்பிடித்த பின்னின் கால்களை மொண்ணைக் கத்தியால் நிமிர்த்தி, மெல்ல உருவி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். பசை ஊறிப் பழுப்பேறும். வெயிலில் வைத்தால் சாணித்தாள் இன்னும் சீக்கிரம் நொறுங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். நன்றாக உலர்ந்த பிறகே பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை நிச்சயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகுதான் கடை திறக்கும்.