அலுவல் பயணமும் லேப்டாப் பாதுகாப்பும்: பல வருடப் பயன்பாட்டில் பையில் தங்கியவை

அலுவலக வேலையாக அடிக்கடி வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் பாதுகாப்புக்கென்று எதையாவது வாங்கிப் பையில் சேர்த்துக்கொண்டே இருப்போம். பல வருடங்களாக நான் சேர்த்தவற்றில் எவை இன்னும் கூடவே வருகின்றன, எவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று எழுதலாம் எனத் தோன்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சாதனத்தையும்விட, லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்தப் பயணத்துக்கு வேண்டாத ஒரு கோப்புகூட அதில் இருக்கக் கூடாது.

இதற்காக எங்கள் ஐடி பிரிவில் கேட்டு, பயணத்துக்கென்றே தனி லேப்டாப் வாங்கிக்கொள்கிறேன். பழைய மெயில், சம்பளப் பட்டியல், வேறு வாடிக்கையாளரின் ஒப்பந்தம் எதுவும் அதில் இருக்காது. போய்ச் சேர்ந்தபின் தேவையானதை அலுவலக சர்வரிலிருந்து திறந்துகொள்வேன். எல்லைச் சோதனையிலும் இது உதவும். அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையின் 2018 விதிப்படி, அதிகாரிகள் சாதனத்திலேயே இருப்பதைத்தான் பார்க்கலாம்; கிளவுடில் மட்டும் இருப்பதை அதன் வழியாகத் திறந்து பார்க்கக் கூடாது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 7ஆம் அட்டவணைப்படி விசாரிக்கும்போது பாஸ்வேர்டு தர மறுப்பதே குற்றமாகலாம். வரிசையில் நின்றுகொண்டு யோசிக்கிற விஷயமில்லை இது. கேட்டால் என்ன செய்வது என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் செக்யூரிட்டி கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு 'நான்தான்' என்று உறுதிசெய்ய லேப்டாப்பில் செருகும் சின்னச் சாதனம். நான் வைத்திருப்பது யூபிகீ. டைப்-சி முனையும், செருகாமல் அருகில் பிடித்தாலே வேலை செய்யும் என்எஃப்சியும் உள்ளது. சாவிக்கொத்தில் மற்ற சாவிகளோடு தொங்குகிறது, உரசி உரசி ஓரமெல்லாம் கீறல், ஆனால் இன்றுவரை மக்கர் செய்ததில்லை. பாஸ்வேர்டு போட்டதும் நடுவில் சின்னப் பச்சை விளக்கு மினுக்கும். விரலை வைத்தால் உள்ளே போய்விடலாம். போனில் என்றால் பின்பக்கம் ஒட்டிப் பிடித்தால் போதும். இதன் பெரிய பலம், போலித் தளத்துக்கு இது பதில் சொல்லாது என்பதுதான். எந்த முகவரியில் பதிவு செய்தோமோ அந்த முகவரிக்கு மட்டும்தான் வேலை செய்யும். களைத்துப்போய் ராத்திரியில் அறைக்கு வந்து, 'உங்கள் முன்பதிவில் சிக்கல்' என்று ஒரு லிங்க் வந்தால் நம் கண் ஏமாறலாம், கீ ஏமாறாது. கூகுள் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில், அதாவது இப்படிப்பட்ட போலி லிங்க் மோசடியில், பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது.

பயணிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வெளிநாட்டில் ரோமிங் இல்லாமல் ஓடிபி வராது. உள்ளூர் சிம் போட்டால் பழைய எண்ணே செயலில் இருக்காது. கீ இருந்தால் அந்தத் தவிப்பு கிடையாது. கட்டாயம் இரண்டு வாங்கி, இரண்டையும் கணக்கில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் இரண்டு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் (விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட்) இல்லாத லேப்டாப்பை நான் வாசற்படி தாண்டி எடுத்துப் போவதில்லை. பலரும் கவனிக்காத ஒன்று: மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் விட்டால் என்கிரிப்ஷன் சாவி மெமரியில்தான் இருக்கும். அறையை விட்டு வெளியே போகும்போதும், விமான நிலையச் சோதனைக்கு முன்பும் முழுக்க ஷட்டவுன் செய்துவிடுவேன். போனும் அப்படித்தான். அணைத்துப் போட்டால் முதல் முறை கைரேகையோ முகமோ செல்லாது, பாஸ்கோடு கேட்கும்.

பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதபடி திரைமேல் மாட்டும் பிரைவசி ஃபில்டர் பற்றிக் கலவையான அபிப்பிராயம்தான். பக்கத்து இருக்கைக்காரருக்குத் திரை கறுப்பாகத் தெரியும், அதில் குறையில்லை. ஆனால் நேர் பின்னாலிருந்து, இருக்கைகளின் இடுக்கு வழியாகப் பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். திரை மங்குவதால் பிரைட்னஸைக் கூட்ட வேண்டியிருக்கிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. ஒட்டும் வகையில் ஓரமெல்லாம் தூசி பிடிக்கும். காந்த வகைக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. அறையில் கழற்றிவிட்டு, ரயிலிலும் விமானத்திலும் மாட்டிக்கொள்கிறேன். எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும் ஏலத்தொகை, சம்பள விவரம் போன்றவற்றைப் பொது இடத்தில் திறப்பதில்லை. போனில் சத்தமாகப் பேசுவதை எந்த ஃபில்டரும் மறைக்காது!

ஓட்டல் வைஃபை பற்றிய பயத்தில் பாதி பழசு. 2010இல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி வந்தபோது ஒரே வைஃபையில் இருப்பவரின் கணக்கை எளிதாகத் திருட முடிந்தது. இன்று அநேகமாக எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாத இணைப்பு. மீதிப் பாதி நிஜம். டார்க்ஹோட்டல் என்ற பெயரில் 2014இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி அம்பலப்படுத்திய தாக்குதலில், ஓட்டல் வைஃபையில் இணைந்த நிறுவன நிர்வாகிகளுக்கு, தெரிந்த மென்பொருளின் அப்டேட் போலவே வைரஸை நீட்டினார்கள். அதனால் அப்டேட் எல்லாம் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வழியில் எது கேட்டாலும் 'பிறகு'தான். அலுவலகத்துக்கு மறைகுறியாக்கிய தனி வழி போடும் வி.பி.என். எப்போதும் ஓடுகிறது; ஆனால் ஓட்டலின் லாகின் பக்கம் வரும்வரை அதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளி எனக்குப் பிடிப்பதில்லை. முடிந்தவரை போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வேலையை முடித்துவிடுகிறேன்.

வீட்டோடு விட்டுவிட்டது யூ.எஸ்.பி. டேட்டா பிளாக்கர், அதாவது சார்ஜ் மட்டும் போய் தரவு போகாமல் தடுக்கும் சின்ன அடாப்டர். பொது சார்ஜிங் முனைகள் பற்றி 2023இல் எஃப்.பி.ஐ.கூட எச்சரித்தது உண்மை. ஆனால் இன்றைய போன்கள் அனுமதி கேட்காமல் தரவைத் திறப்பதில்லை. பிளாக்கரால் பல சமயம் சார்ஜ் ஆகும் வேகமும் குறைகிறது. சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகினால் கதை முடிந்தது. பவர் பேங்க் மட்டும் உண்டு. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக அது 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும், கைப்பையில்தான் வர வேண்டும்.

அறை லாக்கரை நான் நம்புவதில்லை. விருந்தினர் எண்ணை மறந்தால் திறக்க நிர்வாகத்திடம் மாஸ்டர் கோடு இருக்கும். கதவுப் பூட்டும் அப்படித்தான்: 2024 மார்ச்சில் வெளியான அன்சாஃப்லாக் ஆய்வு, 131 நாடுகளில் சுமார் 30 லட்சம் சாஃப்லாக் வகை ஓட்டல் அட்டைப் பூட்டுகளைப் போலி அட்டையால் திறக்க முடியும் என்று காட்டியது. உள்ளே இருக்கும்போது சங்கிலியையும் போட்டுவிடுங்கள். வரவேற்பு மேசையில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். தனியாகப் பயணிக்கும் பெண்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒன்று இது.

போர்டிங் பாஸைப் படமெடுத்துப் பதிவிடும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020இல் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்திலிருந்து, முன்பதிவு எண்ணை வைத்தே அவருடைய பாஸ்போர்ட் எண்ணும் போன் எண்ணும் எடுக்கப்பட்டன. பெட்டியில் ஒட்டும் சீட்டையும் கிழித்துத்தான் போட வேண்டும்.

இன்னும் எனக்குச் சரியான வழி கிடைக்காதது போனுக்குத்தான். லேப்டாப்பைச் சுத்தமாக எடுத்துப் போகலாம், போனில் குடும்பப் படங்களும் அலுவலக மெயிலும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆண்ட்ராய்டின் வொர்க் புரொஃபைல் ஓரளவு பிரித்து வைக்கிறது. வேலை முடிந்ததும் அந்தப் பகுதியை மட்டும் அணைத்துவிடலாம். இப்போதைக்கு அதில்தான் இருக்கிறேன். அடுத்த நீண்ட பயணத்துக்கு அலுவலகத்தில் தனிப் போனே கேட்டிருக்கிறேன்.