தஞ்சாவூரில் பெண் பிள்ளைகளுக்கான மெட்லி நீச்சல் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 3 அன்று நடந்த பெண்கள் 200 மீட்டர் தனிநபர் மெட்லி (ஒருவரே நான்கு நீச்சல் வகைகளையும் அடுத்தடுத்து நீந்துவது) இறுதிப் போட்டியையே பாடமாக வைத்துப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும் ஒரு தனியார் குளம், தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. 25 மீட்டர் நீளமுள்ள திறந்தவெளிக் குளம் அது. என் மகள் அங்கே மாலை வகுப்பில் பயின்று வருவதால், பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

டெல்டாப் பிள்ளைகளுக்கு நீச்சல் புதிதல்ல. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் படித்துறையிலிருந்து குதித்துப் பழகியவர்களுக்குக் கால் வலுவும் மூச்சுப் பிடிப்பும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. ஆனால் ஆற்றில் சுவர் கிடையாது. மெட்லியில் பாதி வித்தையும் சுவரில்தான் இருக்கிறது. பட்டர்ஃபிளை, பேக் ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக், ஃப்ரீ ஸ்டைல் என்ற வரிசையில் நீந்தும் இந்தப் போட்டியில், 50 மீட்டர் ஒலிம்பிக் குளத்தில் ஒரு நீளத்துக்கு ஒரு வகை என்பதால், மூன்று திருப்பங்களுமே வகை மாறும் திருப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. பட்டர்ஃபிளையையும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கையும் முடிக்கும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும்; பேக் ஸ்ட்ரோக்கை முடிக்கும்போது மல்லாந்த நிலையிலேயே தொட வேண்டும்.

இந்த இரண்டாவது விதிதான் பாரிஸில் ஒரு பதக்கத்தைப் பறித்தது. கனடாவின் 17 வயது சம்மர் மெக்கின்டோஷ் 2 நிமிடம் 6.56 விநாடியில் தங்கம் வென்றார்; அமெரிக்காவின் கேட் டக்ளஸ் 2:06.92-இல் வெள்ளி. மூன்றாவதாகச் சுவரைத் தொட்டவர் இன்னோர் அமெரிக்கரான அலெக்ஸ் வால்ஷ். அவருடைய நேரம் 2:07.06. பேக் ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறும்போது முழுமையாக மல்லாந்த நிலையில் அவர் சுவரைத் தொடவில்லை என்று நடுவர்கள் தகுதி நீக்கம் செய்தார்கள். 2:08.08-இல் வந்த ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோனுக்கு வெண்கலம் போனது. ஒரு விநாடிக்கு மேல் முன்னால் வந்தும் ஒரு தோள்பட்டையின் சாய்வில் எல்லாம் போய்விட்டதே என்று இன்றும் மனம் ஆறவில்லை. அந்த விதி சரியானது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

பயிற்சியாளரைப் பிள்ளைகள் கோச் அக்கா என்றே அழைக்கிறார்கள். வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய பாதியை அவர் திருப்பங்களுக்கே ஒதுக்குகிறார். சுவருக்கு அருகே தண்ணீரில் நின்றுகொண்டு, மல்லாந்து வரும் பிள்ளையின் தோளை மட்டுமே பார்க்கிறார். தோள் சற்றே புரண்டாலும் நிறுத்தி, "கை சுவத்துல படுற வரைக்கும் வானத்தத்தான் பாக்கணும், பாப்பா" என்று சொல்லி மீண்டும் நீந்த வைக்கிறார். வேகத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. இந்தப் பொறுமைக்காகவே மாதக் கட்டணம் 2,500 ரூபாய் தகும் என்பேன்.

ஆனால் குளத்தின் நிர்வாகம் இந்த உழைப்புக்கு ஈடு கொடுக்கவில்லை. பேக் ஸ்ட்ரோக் நீந்துபவருக்குச் சுவர் கண்ணில் படாது. அதனால்தான் போட்டிக் குளங்களில் சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில், நீர்மட்டத்துக்கு 1.8 மீட்டர் உயரத்தில், குறுக்கே கொடிக்கயிறு கட்டுகிறார்கள். கொடியைக் கடந்ததும் இத்தனை கைவீச்சில் சுவர் என்று நீந்துபவர் எண்ணிக்கொள்வார். இந்தக் குளத்தில் கொடிக்கம்பமே இல்லை. கோச் அக்கா கம்பி வேலியிலிருந்து குளத்தின் குறுக்கே நைலான் கயிறு இழுத்து, மஞ்சள் துணித் துண்டுகளைக் கட்டியிருக்கிறார்; காற்று வீசினால் அது தொய்ந்து தண்ணீரைத் தொடுகிறது. சில நாட்களில், பொதுமக்கள் நேரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி ஊழியர்கள் அதை அவிழ்த்தும் விடுகிறார்கள். அந்த நாட்களில் தலை மோதிவிடுமோ என்ற அச்சத்தில் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள், கழுத்தோடு தோளும் புரள்கிறது. வால்ஷின் பதக்கத்தைப் பறித்த தவறு எதுவோ, அதையே இந்தக் குளம் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறது. நான்கு கம்பங்களும் இரண்டு கயிறுகளும் பெரிய செலவல்ல. நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

மற்றவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குளோரின் நெடி அளவோடுதான். உடை மாற்றும் அறை தூய்மையானது, ஆனால் சிறியது. குதிமேடை இல்லாததால் குளத்தின் விளிம்பிலிருந்தே குதிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அது போதும்.

நீந்தத் தெரிந்த, பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளை இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். சேர்க்கும்போது கொடிக்கம்பத்தைப் பற்றி நீங்களும் ஒரு கடிதம் கொடுங்கள். நான்கைந்து பெற்றோர் கேட்டால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது.