ஐம்பது பைசா கார்டு போட்டு எண்ணெய் விற்கிறேன்: எட்டு வருட அனுபவம்

ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விற்கிறோம். 2017-இல் இருந்து வாடிக்கையாளர்களுக்குத் தபால் கார்டு போட்டு வருகிறேன். சொன்னால், "இன்னும் கார்டெல்லாம் விக்கிறாங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விற்கிறார்கள். நான் வாங்கியதெல்லாம் 50 பைசாவுக்குத்தான்.

முதல் தடவை சரியாக வரவில்லை. 200 கார்டு வாங்கி, அச்சகத்தில் கொடுத்து, கடைப் பெயர், விலைப்பட்டியல் எல்லாம் அச்சடித்துக்கொண்டு தபாலாபீஸ் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சடிச்ச கார்டு தம்பி, ஆறு ரூபாய். மிச்சத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்குங்க" என்றார். கையால் எழுதினால்தான் 50 பைசா என்பது அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, நேராகப் பெட்டியில் போடவில்லை. போட்டிருந்தால் வாங்குகிறவர் தலையில் அபராதம் விழுந்திருக்கும். 100 ரூபாயில் முடியும் என்று நினைத்தது 1,200 ஆனது. அவ்வளவு செலவழித்தும் கடைக்கு வந்தது மூன்று பேர். காரணம், அந்த முகவரிகள் நண்பர் ஒருவரிடம் வாங்கியவை. அந்த வீட்டுக்காரர்களுக்கு என்னை யாரென்றே தெரியாது.

அப்புறம் வழியை மாற்றினேன். எங்களிடம் ஒரு தடவையாவது எண்ணெய் வாங்கியவர்களுக்கு மட்டும், கையால் எழுதி. பில் போடும்போதே முகவரியைக் கேட்டு, கார்டு போடலாமா என்றும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். ஐந்து லிட்டர் வாங்கிய வீட்டுக்கு ஒன்றரை மாதம் கழித்து ஒரு கார்டு. எண்ணெய் தீரப்போகிற நேரத்தில் அது கையில் இருக்கும்.

என்ன எழுதுவேன்? நான்கே வரி. "வணக்கம். மாசிப்பட்டத்து எள் ஏலத்துக்கு வந்துவிட்டது. புதன்கிழமை ஆட்டுகிறோம், கருப்பட்டி போட்டுத்தான். வேண்டுமென்றால் போன் செய்யுங்கள்." இவ்வளவுதான். தள்ளுபடி என்று எழுதிய கார்டுகளைவிட, புது எள் வந்திருக்கிறது என்று எழுதியவற்றுக்குத்தான் போன் அதிகம் வந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் போடுவதும் வீணானதில்லை. எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வேண்டுமே.

இரண்டு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒரு பாட்டி போனில் கூப்பிட்டு, "கார்டுன்னதும் எனக்கு நெஞ்சே நின்னு போச்சு கண்ணு. யாருக்கு என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார். எனக்கு உறைத்தது அப்போதுதான். பல பெரியவர்களுக்குத் திடீரென்று வரும் கார்டு என்றால் கருமாதிக் கடுதாசி. படித்த கையோடு கிழித்துப் போடுகிற சமாச்சாரம். அன்றிலிருந்து எழுதி முடித்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவிவிடுவேன். விரல் நுனியில் தொட்டு ஒரு இழுப்பு, வெயிலில் பத்து நிமிடம். ஈரத்தோடு அடுக்கினால் அடுத்த கார்டின் முகவரியில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளைப் பார்த்தாலே நல்ல சேதி என்று தெரிந்துவிடும். அந்தப் பாட்டி இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார்.

இன்னொன்று, கார்டு திறந்த தபால். கொண்டுவருகிறவரில் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் கண்ணிலும் படும். ஒருவருக்கு "பழைய பாக்கி ரூ.350" என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டேன். மறுநாளே வந்து பணத்தை மேசையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பணக் கணக்கைக் கார்டில் எழுதவே எழுதாதீர்கள்.

வாட்ஸ்அப்பும் வைத்திருக்கிறேன். ஆனால் பிராட்காஸ்ட் பட்டியலில் போடுவது, நம் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பட்டன் போன்காரர்கள். அவர்களுக்குக் கார்டுதான். இளவட்டங்களுக்கு வாட்ஸ்அப்பே போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு சாயங்காலத்தில் நாற்பது கார்டுக்கு மேல் என்னால் எழுத முடியாது, கை கடுத்துவிடும். ஜெல் பேனாவில் எழுதினால் மழைக்காலத்தில் மை ஊறிவிடுகிறது, பால்பாயிண்ட்தான் சரி. சின்னத் தபாலாபீசில் கேட்ட நேரத்துக்கு நூறு கார்டு இருக்காது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வீடு மாறிப் போனவர்களின் கார்டு பெரும்பாலும் திரும்பியும் வராது. அதனால் வருடம் ஒரு முறை நோட்டைப் பார்த்து, பதிலே இல்லாத பெயர்களை அடித்துவிடுகிறேன். நாளைக்கே ஆயிரம் புதுப் பேர் வேண்டும் என்பவருக்கு இது ஆகாது. தையல்கடை, மெத்தைக்கடை, நாட்டு மருந்துக்கடை என்று வந்தவர்களே திரும்பி வரவேண்டிய தொழில் என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். முதலில் ஐம்பது கார்டு, 25 ரூபாய்தான்.

போன மாதம் ஒரு வீட்டுக்கு டின் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையல்கட்டு வாசலில் கடுதாசி குத்துகிற கம்பி தொங்கியது. கரண்ட் பில், ரேஷன் சீட்டு, நடுவில் மஞ்சள் மூலையோடு என் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன.